முதற்பலன் ஞாயிறன்று படித்த கடிதம்

துய்சென் கிராமம், மிசோரம்
2 மார்ச் 1998

என் மகள் மாபுயிக்கு,

இதை எழுதுவது உன் அப்பா. இதுவரை எனக்காக எழுதித் தந்த சபை மூப்பர் தன்ஸௌவா எழுதவில்லை. வேறு யார் கையும் இதில் இல்லை. உன் அப்பா பியாக்தாங்கா, எழுபத்திரண்டு வயதில், அடுப்புக்குப் பக்கத்தில் பலகையை மடியில் வைத்துக்கொண்டு பென்சிலால் எழுதுகிறேன். மேலே இருக்கும் தேதியை எழுதி முடிப்பதற்குள் உலை கொதித்து வழிந்துவிட்டது. வழியட்டும் என்று விட்டுவிட்டேன்.

உனக்குத் தெரியும், அறுபது வருடமாக வேதப் புத்தகத்தை அக்குளில் வைத்துக்கொண்டுதான் ஆலயத்துக்குப் போனேன். பாட்டெல்லாம் மனப்பாடம். பக்கத்து ஆள் பக்கம் புரட்டினால் நானும் புரட்டுவேன். நம் ஊரில் எழுதப் படிக்கத் தெரியாத கிழவன் நான் ஒருவன்தான் என்று நினைத்திருந்தேன். பார்த்தால் ஆலயத்தின் பின்னறையில் பதினொரு பேர் உட்கார்ந்திருக்கிறோம். சொல்லிக்கொடுப்பது ரோகிமி. உன்னைப் போன்ற ஊழியக்காரர் செலவுக்குப் பிடியரிசி வாங்க வியாழக்கிழமை வீடு வீடாக வருவாளே, அவள்தான். அவளுக்கு வாய் குறையவில்லை.

"பெரியவரே, பென்சில மண்வெட்டி மாதிரி புடிக்காதீங்க. காகிதத்துல இஞ்சியா நடப்போறீங்க?" என்றாள்.

"நட்டா மொளைக்குமா?" என்று கேட்டேன்.

"உங்க கை அழுத்துற அழுத்துக்கு மறுபக்கம் மொளைச்சிடும்" என்றாள்.

நீ கம்போடியா போய் ஏழு வருடம். நீ எனக்கு எழுதியதையெல்லாம் மூப்பர் மேடையில் நின்று படித்தார். எனக்கு வந்த கடிதம் ஊருக்கு வந்த கடிதமாகவே இருந்தது. நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து, எல்லோரோடும் சேர்ந்து உன்னைக் கேட்டேன். இனி அப்படியில்லை. இனி நீ எழுதுவது என் கண்ணுக்கு.

உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை உன் பேர் சொல்லி டப்பாவில் போடுகிறேன். இதை எழுத மூன்று நாள் ஆயிற்று. கை வலிக்கிறது. நல்ல வலி.

அப்பா

*

டோன்லே சாப் ஏரி, கம்போடியா
6 ஏப்ரல் 1998

அன்புள்ள அப்பாவுக்கு,

உறையின் மேலிருந்த எழுத்தைப் பார்த்து யாரோ குழந்தை எழுதியது என்று நினைத்தேன். பிரித்து, "உன் அப்பா" என்ற இடத்தில் வெகுநேரம் நின்றுவிட்டேன். மகிழ்ச்சி, அப்பா.

இங்கே வெயில் காலம். ஏரி சுருங்கிவிட்டது. வீடுகளையெல்லாம் கயிறு கட்டி ஆழமான பக்கத்துக்கு இழுத்துக்கொண்டு போகிறோம். மிதக்கும் வீட்டுக்கு முகவரி நிலைப்பதில்லை. கடிதத்தை நகரத்துத் தபால் நிலையத்துக்கே அனுப்புங்கள். மீன் விற்கப் போகிறவர்கள் வாங்கி வருவார்கள். சபையாருக்கு அறிக்கையைத் தனியாக அனுப்பியிருக்கிறேன். ஆராதனைக்கு வரும் இருபத்திரண்டு பேரும் நலம் என்று அதில் எழுதியிருக்கிறேன்.

ஒன்று கேட்க வேண்டும். என் கடிதத்தை நீங்களே படிக்கிறீர்களா? படிக்கும்போது பக்கத்தில் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா? தெரியாத எழுத்து வந்தால் யாரிடம் காட்டுகிறீர்கள்? இதற்குப் பதில் எழுதுங்கள். மற்றதற்கெல்லாம் அவசரமில்லை.

மகள்,
மாபுயி

*

துய்சென்
11 மே 1998

மாபுயி,

பக்கத்தில் யாருமில்லை. பூனை இருந்தது. அது எட்டாவது வரியிலேயே தூங்கிவிட்டது.

எனக்கு வாய்விட்டுப் படித்தால்தான் படிக்க வருகிறது. "வாய மூடிட்டுப் படிங்க" என்று ரோகிமி திட்டுகிறாள். வாயை மூடினால் எழுத்தும் நின்றுவிடுகிறது. ஆதியாகமம் முதல் அதிகாரத்தை நான் படித்தபோது எதிர் வீட்டுக்காரி தன் வீட்டிலிருந்தே "அது நல்லது என்று கண்டார்" என்று சேர்ந்து சொன்னாள். அதனால் உன் கடிதத்தை மட்டும் இஞ்சித் தோட்டத்துக்கு எடுத்துக்கொண்டு போனேன். மலைக்குக் கேட்டால் கேட்கட்டும். தெரியாத எழுத்து வந்தால் அங்கேயே உட்கார்ந்திருப்பேன். கொஞ்ச நேரத்தில் அதுவே தெரிந்துவிடும்.

நீ அங்கே ஒரு பையனுக்காக ஜெபித்துக் காய்ச்சல் இறங்கியதே, அந்தக் கடிதத்தை மூப்பரிடம் கேட்டு வாங்கி வந்து நானே படித்தேன். அன்றைக்கு நன்றிக் கூட்டத்துக்கு என் பன்றியைக் கொடுத்தது நினைவிருக்கிறது. முழு ஊரும் சாப்பிட்டது. உன் அம்மா இல்லையே என்று அன்று ஒரு முறை நினைத்தேன். அந்த மாதிரி இன்னொரு கடிதம் எப்போது எழுதப்போகிறாய்? இப்போது நானே படிப்பேன்.

அப்பா

*

டோன்லே சாப்
20 ஜூன் 1998

அப்பா,

இதை நீங்கள் மட்டும் படியுங்கள். தோட்டத்துக்கு எடுத்துக்கொண்டு போங்கள்.

அறிக்கையில் எழுதும் இருபத்திரண்டு பேர் இல்லை. முன்பு இருந்தார்கள். பதினான்கு மாதமாக ஒருவரும் வருவதில்லை. ஞாயிறு காலை மணி அடிப்பேன். பாய் விரிப்பேன். நானே பாடி, நானே கேட்பேன். இப்போது பாடுவதும் நின்றுவிட்டது.

நீங்கள் சொன்ன அந்தப் பையனுக்குக் காய்ச்சல் இறங்கியது உண்மை. காலையில் எழுந்து கஞ்சி கேட்டான். அதை எழுதினேன். நீங்கள் பன்றி அறுத்ததையும், மேளம் அடித்து ஆடியதையும், மூப்பர் அழுததையும் அவர் கையாலேயே எழுதி அனுப்பினீர்கள். அந்தப் பதிலை மடிப்பு கிழியும் வரை படித்தேன். இந்தத் தண்ணீரின் மேல் தனியாக இருக்கும் ஒருத்திக்கு அது எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியாது.

சென்ற வருடம் ஏப்ரலில் இங்கே போபா என்ற பெண் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது. நான்கு வயது. அவள் அம்மா படகோடு என் வாசலுக்கு வந்தாள்.

"டீச்சர், ஆஸ்பத்திரிக்குப் போலாம். மோட்டாருக்கு எண்ணெய் ஊத்தி வச்சிருக்கேன்."

"கொஞ்சம் பொறு. ஜெபிப்போம். அந்தப் பையனுக்கு எறங்கிச்சுல்ல?" என்றேன்.

நான் சொன்னதால் அவள் படகைக் கட்டினாள். ஆஸ்பத்திரிக்கு ஒன்றரை மணி நேரப் பயணம். நான் காலையிலிருந்து பகல் சாயும் வரை ஜெபித்தேன். அப்பா, அப்போது நான் கடவுளிடம் மட்டும் பேசிக்கொண்டிருக்கவில்லை. மனதுக்குள் உங்களுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். "சபையாரே, கர்த்தர் மறுபடியும்" என்று தொடங்கியிருந்தேன். அடுத்த வரியைத் தேடிக்கொண்டிருந்தபோது போபாவின் கை என் கையில் கனத்தது.

அவள் அம்மா என்னைத் திட்டவில்லை. இன்றுவரை தினமும் இரண்டு மீனை என் வாசலில் வைத்துவிட்டுப் போகிறாள், முன்பு வைத்தது போலவே. என் முகத்தை மட்டும் பார்ப்பதில்லை.

நீங்கள் உலைக்கு முன்னால் எடுத்து வைக்கும் பிடியரிசியில் நான் இருக்கிறேன். எனக்கு ஜெபம் வரவில்லை. வாயைத் திறந்தால் அந்தக் கடிதத்தின் முதல் வரிதான் வருகிறது. வீட்டுக்கு வரவா? சபையைக் கேட்டால் எனக்காக ஜெபிப்பார்கள். அதை என்னால் தாங்க முடியாது. நீங்கள் சொல்லுங்கள். உங்களைத் தவிர இதைச் சொல்ல எனக்கு ஆளில்லை.

மாபுயி

*

துய்சென்
28 ஜூலை 1998

மாபுயி,

உன் கடிதத்தைச் சபையில் படித்துவிட்டேன்.

இந்த ஒரு வரியை எழுதிவிட்டு ஒரு நாள் முழுக்க எழுதவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

சனிக்கிழமை தபால் வந்தது. மூப்பர்தான் கொண்டுவந்தார். "அண்ணே, நாளைக்கு முதற்பலன் ஞாயிறு. ஏழு வருஷமா மேடையில நான் படிச்சேன். நாளைக்கு நீங்களே படிங்க. ஊரு பாக்கட்டும்" என்றார். நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். பிரித்துப் பார்த்திருக்கலாம். பிரிக்கவில்லை. புதிதாக, எல்லோர் முன்னாலும் பிரிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். கோட்டைத் தூசி தட்டி மாட்டி வைத்தேன். சந்தோஷத்தில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மேடைக்கு முன்னால் புதுச் சோளமும் வெள்ளரியும் குவிந்திருந்தன. நான் ஏறியதும் எல்லோரும் சிரித்த முகமாக இருந்தார்கள். "இதை நீங்கள் மட்டும் படியுங்கள்" என்று படித்தேன். சபை சிரித்தது. "அப்ப நாங்க காதைப் பொத்திக்கிறோம்" என்றான் ஒருவன். மகளுடைய வெட்கம் என்று நானும் சிரித்தேன்.

நான் எப்படிப் படிக்கிறேன் என்று உனக்குத் தெரியாது. எழுத்துக்கு எழுத்து கூட்டிக்கொண்டு போவேன். கவனமெல்லாம் கூட்டுவதில் இருக்கும். அர்த்தம் பின்னால் மெதுவாக நடந்து வரும். வேகமாகப் படிப்பவன் ஒரு வரி முன்னால் பார்த்து நிறுத்திக்கொள்வான். எனக்கு அந்தக் கண் இல்லை. சபைக்குப் புரிந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

மூன்றாவது வரிசையில் ரோகிமி எழுந்து நின்று, இல்லை என்பது போலத் தலையை ஆட்டினாள். ஏதோ வார்த்தையைத் தப்பாகப் படித்துவிட்டேன் என்று நினைத்தேன். திரும்பப் போய், போபாவின் கை கனத்தது என்ற வரியை இரண்டாம் தடவை, இன்னும் சத்தமாகப் படித்தேன்.

கடைசி வரை படித்தேன். அடுத்து மூப்பர் நன்றி ஜெபம் செய்ய வேண்டும். எழுந்தார். வாயைத் திறந்தார். வார்த்தை வராமல் உட்கார்ந்துவிட்டார். ஆசீர்வாதம் சொல்லாமலே கூட்டம் கலைந்தது. எனக்குத் தெரிந்து அப்படி நடந்ததே இல்லை.

பிறகு மூப்பர் என் வீட்டுக்கு வந்து, "நாலு அறிக்கைய நான் மேடையில படிச்சு ஸ்தோத்திரம் சொன்னேன் அண்ணே. இல்லாததுக்கு நன்றி சொன்னேன். நான் எந்த மொகத்தோட இனிமே ஜெபிக்கறது?" என்று அழுதார். ஐஸ்வால் மிஷன் அலுவலகத்துக்கு எல்லாவற்றையும் எழுதிவிட்டார். எழுதாதே என்று கேட்க எனக்கு வாயில்லை.

அந்தப் பன்றி என்னுடையது. உன்னிடம் இன்னொரு கடிதம் கேட்டவனும் நான்தான். இதையும் எழுதிவிடுகிறேன்.

உன் கேள்விக்குப் பதில்: வா.

அப்பா

*

டோன்லே சாப்
2 செப்டம்பர் 1998

அப்பாவுக்கு,

ஏழு வருடத்தில் ஒரே ஒருவரிடம் சொன்னேன். அவர் முன்னூறு பேருக்குச் சொல்லிவிட்டார்.

அலுவலகத்தின் கடிதமும் வந்துவிட்டது. என்னை ஊழியத்திலிருந்து விடுவிக்கிறார்கள். வருட முடிவுக்குள் திரும்பலாமாம். எங்கே திரும்புவது? ஒவ்வொரு வீட்டு அடுப்புக்குப் பக்கத்திலும் ஒரு அரிசி டப்பா இருக்கிறது. அதைத் தாண்டி எந்த வாசலில் நுழைவேன்?

மழையில் என் வீட்டுத் தரையில் ஒரு பலகை பெயர்ந்துவிட்டது. ஒரு ஆள் இறங்கும் அகலம். கீழே ஏரி. மாலையில் அதன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். தண்ணீர் அமைதியாக இருக்கிறது. என்னிடம் அறிக்கை கேட்பதில்லை.

இனி எனக்கு எழுதாதீர்கள். நீங்கள் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டிருக்கவே வேண்டாம்.

மாபுயி

*

துய்சென்
1 அக்டோபர் 1998

மாபுயி,

பலகையை மூடு.

மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் அதைச் செய். ஆணி இல்லையென்றால் கயிற்றால் கட்டு. கயிறும் இல்லையென்றால் அரிசி மூட்டையைத் தூக்கி அதன் மேல் வை. மூடிவிட்டு, பிறகு இதைப் படி.

உன் கடிதம் நேற்று வந்தது. படித்ததும் ஏழு மைல் நடந்து தபால் நிலையம் போய் உனக்குத் தந்தி கொடுத்தேன். "பலகையை உடனே மூடு அப்பா" என்று எழுதிக் கொடுத்தேன். குமாஸ்தா அதைப் பார்த்துவிட்டு, "என்னங்க இது, வெளிநாட்டுக்குத் தச்சு வேலையா?" என்றான். "ஆமா, அவசரமான தச்சு வேல" என்றேன். என் முகத்தைப் பார்த்ததும் அவன் குனிந்து சொற்களை எண்ணினான்.

எழுதாதே என்று சொன்னாய். இது ஒன்றில் மட்டும் உன் பேச்சைக் கேட்க மாட்டேன். நான் கற்றுக்கொண்டிருக்கவே வேண்டாம் என்றாய். நானும் அப்படி நினைத்தேன். பென்சிலை அடுப்பில் போட்டேன். பிறகு கரண்டியால் வெளியே எடுத்தேன். ஒரு பக்கம் கருகிய அந்தப் பென்சிலால்தான் இதை எழுதுகிறேன்.

முன்பே எழுதியிருக்க வேண்டிய ஒன்று. முதற்பலன் ஞாயிற்றுக்கு அடுத்த நாள் மாலை, என் வீட்டுக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். மேளத்தோடு வந்தார்கள். சாவு வீட்டுக்கு வருவது போல ஒவ்வொருவரும் ஒரு கோப்பை அரிசி கொண்டுவந்தார்கள். சுவரோரமாக உட்கார்ந்து துக்கப் பாட்டு எடுத்தார்கள். எனக்குத் தலைக்கு மேல் கோபம் வந்துவிட்டது.

"எந்திரிங்க எல்லாரும். என் பொண்ணு சாகல. என் வீட்ல சாவு விழல" என்று கத்தினேன்.

"உங்க வீட்ல யாரு விழுந்ததுன்னு சொன்னா?" என்றாள் ரோகிமி. "அங்க ஒரு கொழந்த செத்துப் பதினஞ்சு மாசமாச்சு. அதுக்கு நாம ஒருத்தரும் பாடல. அந்த அம்மா வீடு எங்களுக்கு எட்டாது. உங்க வீடுதான் எட்டுச்சு. உக்காருங்க பெரியவரே, மறைக்காதீங்க."

மூன்று மாலை பாடினார்கள், நம் வழக்கப்படி. மூன்றாம் மாலை மூப்பரும் வந்து வாசலோரம் உட்கார்ந்தார். பாடவில்லை. ஆனால் உட்கார்ந்திருந்தார். எல்லோரும் உன்னைப் புரிந்துகொண்டார்கள் என்று பொய் சொல்ல மாட்டேன். ஆலயத்தில் எனக்குப் பக்கத்தில் உட்காராதவர்கள் இருக்கிறார்கள். நான்கு வீடுகளில் பிடியரிசி எடுப்பதை நிறுத்திவிட்டார்கள்.

அடுத்த ஞாயிறு நன்றி சொல்லும் நேரத்தில் நான் எழுந்தேன். "கர்த்தரே, எம் பொண்ணு எனக்கு உண்மைய எழுதினா. அதுக்கு ஸ்தோத்திரம். அத நான் தெருவுல கொட்டினேன். என்ன செய்யறதுன்னு எனக்குத் தெரியல. அவள மட்டும் விட்டுராதேயும்" என்றேன். யாரும் ஆமென் சொல்லவில்லை. நான் உட்கார்ந்த பிறகு ரோகிமியின் குரல் மட்டும் தனியாக வந்தது.

போபாவின் அம்மாவிடம் ஒன்று சொல். மலை மேல் ஒரு ஊர் அவள் பிள்ளைக்காக மூன்று மாலை பாடியது என்று. வேறெதுவும் அவளிடம் கேட்காதே. மன்னிப்புக் கேட்கவும் வேண்டாம். இதை மட்டும் சொல்.

இதை ஒரே நாளில் எழுதினேன். எழுத்து கோணலாக இருக்கும். மூடிவிட்டாயா?

அப்பா

*

துய்சென்
2 நவம்பர் 1998

மாபுயி,

பதில் இல்லை. தபால் பை வரும் நாளெல்லாம் சாலையில் நிற்கிறேன். மூப்பர் தூரத்திலிருந்தே கையை விரித்துக் காட்டுகிறார், நான் நடக்க வேண்டாம் என்று. நான் நடந்துபோய் அந்த வெறுங்கையை ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் திரும்புகிறேன்.

ஜெபம் வரவில்லை என்று எழுதியிருந்தாயே. எனக்கும் இப்போது சரியாக வருவதில்லை. மண்டியிட்டால் "பலகை, பலகை" என்றுதான் வருகிறது. அதையே சொல்லிவிட்டு எழுந்துவிடுகிறேன். அதுவும் போய்ச் சேரும் என்று வைத்துக்கொள்கிறேன்.

வாயை மூடிப் படிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறேன். ரோகிமி ஒரு வழி சொன்னாள். வாய் நிறையத் தண்ணீர் வைத்துக்கொண்டு படிக்க வேண்டுமாம். உதடு அசைந்தால் தண்ணீர் வெளியே வந்துவிடும். இரண்டு வாரமாகச் சட்டை நனையாத நாளில்லை. யோவான் சுவிசேஷத்தின் மேல் இரண்டு முறை துப்பிவிட்டேன். "ஞானஸ்நானம் மனுசனுக்குத்தான் பெரியவரே, புத்தகத்துக்கு இல்ல" என்றாள். நான் சிரிக்கவில்லை. விடாமல் செய்கிறேன்.

நீ இனி எனக்கு எழுதுவாயா என்று தெரியாது. எழுதினால் தயாராக இருக்க வேண்டும் என்று செய்கிறேன். ஒரு வெற்றுத் தாளாவது அனுப்பு. அதை வைத்து நீ இருக்கிறாய் என்று தெரிந்துகொள்வேன்.

அப்பா

*

டோன்லே சாப்
8 நவம்பர் 1998

அப்பா,

இருக்கிறேன்.

தந்தியைக் கொண்டுவந்தது போபாவின் அம்மா. மீன் விற்க நகரத்துக்குப் போனவளிடம் தபால் நிலையத்தில் கொடுத்தனுப்பியிருக்கிறார்கள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. தாளை நீட்டி, வேறு எங்கோ பார்த்துக்கொண்டே, "யாராவது செத்துட்டாங்களா?" என்று கேட்டாள்.

"இல்ல. பலகைய மூடச் சொல்றாரு எங்கப்பா" என்றேன்.

அவள் தரையைப் பார்த்தாள். பெயர்ந்த இடத்தைப் பார்த்தாள். அதன் பக்கத்தில் நான் உட்கார்ந்து உட்கார்ந்து தேய்ந்த பாயைப் பார்த்தாள். போனாள். சுத்தியலோடு திரும்பி வந்தாள். உதட்டில் நான்கு ஆணியைக் கவ்விக்கொண்டு, "தள்ளு" என்றாள். அடித்து முடித்து, பலகை மேல் ஏறி நின்று ஒரு முறை மிதித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். பதினெட்டு மாதத்துக்குப் பிறகு.

"நீ செத்துப்போனா நான் யார் மேல கோவமா இருக்கறது?" என்று கேட்டாள்.

அன்று மீனை வாசலில் வைக்கவில்லை. உள்ளே வந்து, என் அடுப்பிலேயே சமைத்து, நான் சாப்பிடும் வரை உட்கார்ந்திருந்தாள்.

இரண்டு வாரம் கழித்து உங்கள் கடிதம் வந்தது. நீங்கள் சொன்னபடி அதை மட்டும் சொன்னேன். வெகுநேரம் வலையையே நோண்டிக்கொண்டிருந்தாள்.

"எத்தன பேரு பாடினாங்க?"

"வீடு நெறைய."

"என்ன பாட்டு? பாடு பாப்போம்."

போபா போன நாளிலிருந்து இங்கே இன்னொருவர் முன்னால் நான் பாடியதில்லை. ஒரு சரணம் பாடினேன்.

"நீ பாடறது நல்லாயில்ல. இதுல எம் பொண்ணு பேரு வருதா?"

"வரல."

"அப்ப போட்டுப் பாடு."

போட்டுப் பாடினேன். ராகத்தில் அந்தப் பேர் உட்காரவில்லை. மூன்று முறை பாடச் சொன்னாள். எழுந்து போகும்போது படகிலிருந்து சொன்னாள்: "நான் மன்னிச்சிட்டேன்னு உங்கப்பாவுக்கு எழுதிடாத. மன்னிக்கல."

எழுதவில்லை. அவள் சொன்னதைத்தான் எழுதியிருக்கிறேன்.

அப்பா, வருகிறேன். இந்த மாதக் கடைசியில் இங்கிருந்து கிளம்புகிறேன். கல்கத்தாவில் நம்மவர் விடுதியில், பின்னால் வரும் ஒரு பெட்டிக்காகச் சில வாரம் காத்திருக்க வேண்டும். பதிலை அங்கே அனுப்புங்கள். டிசம்பர் இருபத்தாறு சனிக்கிழமை ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கிராமத்தில் தங்கிவிட்டு, ஞாயிறு காலை பழைய நடைபாதையில் ஏறி வருவேன். ஞாயிற்றுக்கிழமை வண்டி ஓடாது. ஊரே ஆலயத்தில் இருக்கும். சாலையை யாரும் பார்க்க மாட்டார்கள். அந்த நேரம்தான் எனக்கு வேண்டும். ஓய்வுநாளில் பயணம் செய்கிறாள் என்று பேசினால் பேசட்டும்.

மேடைக்கு என்னை அழைக்க வேண்டாம். என் பேர் சொல்லி ஸ்தோத்திரம் வேண்டாம். ரோகிமி அக்காவிடம் மட்டும், அவர்கள் பாடியது போய்ச் சேர்ந்தது என்று சொல்லுங்கள்.

உள்ளே தனியாக மடித்த தாள் ஒன்று இருக்கிறது. போபாவின் கடைசி மணி நேரத்தில் நடந்ததில் நான் யாரிடமும் சொல்லாதது. அந்தக் கடிதத்திலும் எழுதாதது. மறுபடியும் உங்களுக்கு எழுதுவதா என்று நான்கு நாள் யோசித்தேன். எழுதிவிட்டேன். இனி உங்கள் கையில்.

மாபுயி

*

துய்சென்
7 டிசம்பர் 1998

மாபுயி,

கல்கத்தா முகவரியை உறையில் எழுத அரை நாள் ஆயிற்று. தப்பாகப் போய்விடக் கூடாது என்று ஒவ்வொரு எழுத்தையும் இரண்டு முறை அழுத்தி எழுதினேன்.

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. மூப்பர் ஓடி வந்தார். தூரத்திலேயே கையைத் தூக்கிக் காட்டிக்கொண்டு ஓடி வந்தார். அந்த வயதில் அவர் ஓடி நான் பார்த்ததில்லை. நான் பிரித்து, "இருக்கிறேன்" என்ற சொல்லை மட்டும் பார்த்துவிட்டு மடித்துவிட்டேன்.

"என்ன எழுதியிருக்கு அண்ணே?"

"இருக்கா."

"அவ்வளவுதானா? நாலு தாள் கனம் இருக்கே."

"தாளு கனமான தாளு" என்றேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். நல்ல மனிதர். அவருக்கு இன்னும் ஜெபம் சரியாக வருவதில்லை. மேடையில் பாதியில் நின்றுவிடுகிறார். நாங்கள் காத்திருக்கிறோம். முன்பு போல யாரும் செருமுவதில்லை.

பாட்டு போய்ச் சேர்ந்ததை ரோகிமியிடம் சொன்னேன். பேர் ராகத்தில் உட்காரவில்லை என்றதும், "எப்பிடி உக்காரும், மொதல் சரணத்துல போட்டிருப்பா. ரெண்டாவதுல போட்டா உக்காரும்" என்றாள். உடனே அங்கேயே பாடிக் காட்டினாள். உட்காருகிறது. நீ வந்தால் சொல்லித் தருவாளாம்.

இருபத்தேழாம் தேதி ஆலயத்தில் மணி அடிக்கும்போது நான் ஆற்றுப் பாதையில் இருப்பேன். பெரியம்மை வந்து படுத்திருந்த காலம் தவிர நான் ஞாயிறு ஆராதனைக்குப் போகாமல் இருந்ததில்லை. கர்த்தரிடம் இன்று காலையே சொல்லிவிட்டேன், அன்றைக்கு என்னைத் தேட வேண்டாம், கீழே பாதையில் இருப்பேன் என்று. வழியில் இரண்டாவது வளைவில் ஒரு கல் இருக்கிறது. அங்கே உட்கார்ந்திருப்பேன். சோறும் புகையில் வாட்டிய பன்றிக் கறியும் இலையில் கட்டிக் கொண்டுவருவேன். நீ பேச வேண்டாம். சாப்பிட்டால் போதும்.

வீட்டில் உன் டப்பா இன்னும் அடுப்புக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஒவ்வொரு வேளையும் ஒரு பிடி போடுகிறேன். இப்போது போபாவின் பேரைச் சொல்லிப் போடுகிறேன். ரோகிமி வாங்கிக்கொண்டு போகிறாள். யாருக்கு என்று அவள் கேட்கவில்லை.

தனியாக மடித்த தாளைப் பற்றி. அதைத் தோட்டத்துக்குக்கூட எடுத்துக்கொண்டு போகவில்லை. கதவைச் சாத்தினேன். பூனையை வெளியே விட்டேன். வாய் நிறையத் தண்ணீர் எடுத்துக்கொண்டு, விரலை வரிக்குக் கீழே வைத்து, எழுத்துக்கு எழுத்து படித்தேன். நடுவில் ஒரு இடத்தில் வெகுநேரம் நின்றேன். எந்த இடம் என்று உனக்குத் தெரியும். பிறகு மறுபடியும் விரலை நகர்த்தினேன்.

கடைசி வரி வரை போனேன். ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வெளியே வரவில்லை.

அப்பா